சிறு கொத்தும் பெரு வலையும்



முதியவர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் நடந்து வருகின்றார். கைகள் சற்றே நடுங்குகின்றன. ஆயினும் கால்கள் நடக்கின்றன. வாயிற்படியை அணுகியதும் அக்கால்கள் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டனபோல் நின்றுவிடுகின்றன. நடக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு உண்டு. கால்களில் வலிமையும் உண்டு. எண்ணத்திற்கும் காலுக்கும் நடுவில் ஏதோ ஓர் இழை அறுந்துவிட்டது. தரையின் குறுக்கே வெண்கட்டியால் கோடுகள் சில கிழித்துக் காட்டினால், அதே முதியவர் கோட்டுக்குக் கோடு காலெடுத்து வைத்து எளிதாகக் கடந்து செல்வதும் உண்டு.

சேம்சு பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1817-ஆம் ஆண்டில் விரித்தெழுதிய நடுக்க நோயின் முதிர்ந்த நிலைகளுள் இஃது ஒன்று. இதனை நடையுறைவு எனலாம். இந்நோயில் தோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன என்பதும், அப்பொருளை ஈடுசெய்யும் மருந்தால் நடுக்கமும் விறைப்பும் தணிகின்றன என்பதும் நெடுநாளாகத் தெரிந்த செய்திகள். ஆயின், நடையுறைவும் அடிக்கடி நிலைதவறி விழுதலும் அம்மருந்துக்குப் பலரிடத்தில் அடங்குவதில்லை. ஆகலின், அறுந்த இழை வேறோரிடத்தும் இருத்தல் வேண்டும். அவ்விடம் யாது? அங்கிருந்து இழைகள் எங்கெங்குச் செல்கின்றன? எங்கெங்கிருந்து அங்கு வந்து சேர்கின்றன? இவற்றைத் தேடியவர்களின் வரலாறே இப்பொழிவின் பொருளாகும்.

இடமும் பெயரும்

பெருமூளையையும் முதுகுத் தண்டையும் இணைத்து நிற்பது மூளைத்தண்டு. அதன் பருமன் ஏறத்தாழக் கட்டைவிரலளவே. மேலிருந்து கீழாக நடுமூளை, பாலம், முகுளம் என அது முப்பகுதியாய் அமைந்துள்ளது. மூச்சும் விழிப்பும் உறக்கமும் இதனைப் பற்றியே நிற்கின்றன. பெருமூளையிற் சிறுபகுதி பழுதுற்றால் கை போகலாம், சொல் போகலாம். மூளைத்தண்டிற் சிறுபகுதி பழுதுற்றாலோ உயிரே போகலாம்.

நடுமூளையும் பாலமும் கூடுமிடத்தில், இடமும் வலமுமாக, இவ்விரண்டு நரம்பணுக் கொத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, பெருமூளையின் காம்புக்கும் பாலத்துக்கும் அண்மையிற் கிடப்பதால், இலத்தீன மொழியில் அப்பொருள்படப் பெயர் பெற்றது. தமிழில் அதனைக் காம்புப்பாலக் கொத்து எனலாம். மற்றொன்று சற்றே முதுகுப்புறமாக, நடுக்கோட்டுக்கு அருகில் அமைந்தது. அதனைப் பக்கமுதுகுக் கொத்து எனலாம். மாந்த மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இக்கொத்துகளிலோ ஆயிரக்கணக்கில் எண்ணத்தக்கனவே உள்ளன. எண்ணிக்கையிற் சிறியவை, எட்டும் எல்லையிற் பெரியவை.

இக்கொத்துகளிலுள்ள நரம்பணுக்கள் பலவற்றுக்குத் தனியடையாளம் ஒன்றுண்டு. அவை தம் இழைநுனிகளில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை உமிழ்ந்து பிற நரம்பணுக்களோடு பேசுகின்றன. கோலின் என்பது பித்தநீரிலிருந்து முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது. பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அசிட்டைல்கோலினால் வினையாற்றும் நரம்புகளுக்கு ஒரு தனிச்சொல் வேண்டும் என்று கருதி, என்றி தேல் என்னும் ஆங்கில அறிஞர் 1933-இல் கோலினையும் வினையையும் குறிக்கும் சொற்களை இணைத்துப் பெயரொன்று படைத்தார். கோலின்வினை நரம்பணு என்று தமிழிற் சொன்னால், அவர் கருதிய பொருள் சிதையாமல் விளங்கும்.

தவளையின் நெஞ்சாங்குலை தந்த விடை

நரம்புகள் மின்னாற்றலால் மட்டுமே செய்தி கடத்துகின்றனவா, அன்றி ஏதேனும் பொருளைச் சுரந்தும் கடத்துகின்றனவா என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்களைப் பிரித்து நின்ற வழக்கு. ஆத்திரியாவின் கிராசு நகரப் பேராசிரியர் ஓட்டோ இலெவி, இதற்கு விடைகாணும் செய்முறை ஒன்று கனவில் தோன்றிற்று என்றும், நள்ளிரவில் எழுந்து எழுதிவைத்தது காலையிற் படிக்க இயலாத கிறுக்கலாக இருந்தது என்றும், மறுநாளிரவும் அதே கனவு வரவே, எழுந்து நேரே ஆய்வகத்துக்குச் சென்றதாகவும் பிற்காலத்தில் எழுதினார்.

செய்முறை மிக எளியது. உப்புநீரில் துடித்துக்கொண்டிருக்கும் தவளை நெஞ்சாங்குலைகள் இரண்டு. ஒன்றின் துடிப்பைத் தணிக்கும் நரம்பை மின்னால் தூண்டினார், துடிப்புத் தணிந்தது. அதனைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து, நரம்பு தூண்டப்படாத மற்றொன்றின்மேல் விட்டார். அதன் துடிப்பும் தணிந்தது. நரம்பு எதனையோ உமிழ்ந்தது, உமிழ்ந்தது நீரிற் கலந்தது, கலந்தது வினைசெய்தது. 1921-இல் வெளிவந்த அவ்வாய்வு வழக்கைத் தீர்க்கத் தொடங்கியது. அப்பொருள் அசிட்டைல்கோலினே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இலெவியும் தேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

விழிப்பு, கனவு, நடை

மூளைத்தண்டின் பக்கம் அறிஞர் பார்வை திரும்பியது அதன் பின்னரே. 1949-இல் மொருசி, மகூன் என்னும் இருவர், இலேசான மயக்கத்திலிருந்த பூனையின் மூளைத்தண்டு நடுப்பகுதியை மின்னால் தூண்டினர். உறங்கும் மூளைக்குரிய பெரிய மெல்லலைகள் மறைந்து, விழித்த மூளைக்குரிய சிறிய விரைவலைகள் தோன்றின. விழிப்பு என்பது புலன்கள் தாமே தருவதன்று. கீழிருந்து மேல்நோக்கி எழுப்பப்படுவது என்பது புலனாயிற்று.

பிரான்சு நாட்டு இலியோன் நகரில் மிசேல் சூவே, உடல் தளர்ந்து கிடக்க, மூளை மட்டும் விழித்ததுபோல் அலைவீசும் உறக்கநிலை ஒன்றைப் பூனையிற் கண்டு, 1959-இல் அதற்கு முரணுறக்கம் எனப் பொருள்படும் பெயரிட்டார். கனவுகள் மிகுதியும் தோன்றும் உறக்கம் அதுவே. அதன் தோற்றுவாய் பாலத்தின் பகுதியில் உள்ளது என அவர்தம் ஆய்வுகள் காட்டின.

1966-இல் மாசுகோ நகரத்து அறிஞர் மூவர், பெருமூளைத் தொடர்பு அறுக்கப்பட்ட பூனையின் நடுமூளையில் ஓரிடத்தைத் தூண்டினர். ஓடும் பட்டையின்மேல் நிறுத்தப்பட்ட அப்பூனை நடந்தது. மின்னாற்றலைக் கூட்டக்கூட, நடை ஓட்டமாகி, ஓட்டம் பாய்ச்சலாயிற்று. அவ்விடம் காம்புப்பாலக் கொத்தை அடுத்தும் தழுவியும் இருந்தது.

பெருமக்களே! விழிப்பு, கனவு, நடை என்னும் மூன்று பெருவினைகள் ஏறத்தாழ ஒரே சிற்றிடத்தைச் சுட்டி நின்றன. அவ்விடத்தில் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட்டவை கோலின்வினை நரம்பணுக்கள். ஆகலின், மூன்று வினைகளையும் அவையே செய்கின்றன என்று கருதிவிடுதல் எளிதாயிற்று. எளிதாக வந்த கருத்து எல்லாம் உண்மையாகிவிடுமா?

சாயம் காட்டியதும் காட்டாததும்

நரம்பணுவைக் கண்ணாற் காண்பதற்கு வழிகாட்டியவர் இத்தாலியின் கோல்கி. அவர் 1873-இல் கண்ட வெள்ளிச் சாயம், நெருங்கிக் கிடக்கும் நரம்பணுக்களுள் மிகச் சிலவற்றை மட்டும் முழுமையாகக் கறுக்கச் செய்தது. அச்சாயத்தைக் கொண்டு எசுப்பானியாவின் காகல் வரைந்த படங்கள், நரம்பணு ஒவ்வொன்றும் தனியுரு என்பதை நிலைநாட்டின. ஆயின், அச்சாயம் எந்த அணுவைப் பற்றும், எதனை விடும் என்பது சாயமிடுவோர் கையில் இல்லை.

1967-இல் கேம்பிரிட்சின் சூட், இலூயிசு என்னும் இருவர் வேறொரு வழியை மேற்கொண்டனர். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை நிறமேற்றி, எலியின் மூளைத்தண்டிலிருந்து மேலேறும் இழைகளைப் பின்தொடர்ந்தனர். பெரும்பணி அது. எனினும், அந்நொதி அசிட்டைல்கோலினைச் சுரக்கும் அணுவில் மட்டுமன்றி, அதனைப் பெற்றுக்கொள்ளும் அணுவிலும் இருக்கக்கூடும். கொடுப்பவனையும் கொள்பவனையும் ஒரே நிறத்திற் காட்டினால் வழக்கு எங்ஙனம் தீரும்? பின்னர், அப்பொருளைச் செய்யும் நொதியையே அடையாளமாகக் கொண்டு, மெசுலம் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1983-இல் மூளையின் கோலின்வினைக் கொத்துகளை வரிசைப்படுத்தி எண்ணிட்டனர். காம்புப்பாலக் கொத்தின் நரம்பணுக்கள் ஐந்தாம் எண்ணும், பக்கமுதுகுக் கொத்தின் நரம்பணுக்கள் ஆறாம் எண்ணும் பெற்றன.

இதனால் வீடுகள் தெரிந்தன, தெருக்கள் தெரியவில்லை. இந்த அணு கோலின்வினை அணு என்று சாயம் சொல்லிற்று. இதன் இழை எவ்வளவு தொலைவு சென்று எந்த அணுவைத் தொடுகின்றது என்று அது சொல்லவில்லை. மேலும், இக்கொத்துகளில் கோலின்வினை நரம்பணுக்கள் தனித்து வாழவில்லை. குளுட்டமேட்டு, காபா என்னும் வேறு பொருள்களால் பேசும் நரம்பணுக்கள் அவற்றோடு அடர்ந்து கலந்து கிடக்கின்றன. புதரில் மூவகைக் கொடிகள் பின்னிக் கிடக்கும்போது, ஒருவகைக் கொடியை மட்டும் வேர் முதல் நுனி வரை பிரித்தறிவது எப்படி?

போகும் வழியும் வரும் வழியும்

இக்கேள்விக்கு விடை மரபணு ஆய்விலிருந்து வந்தது. அசிட்டைல்கோலினைச் செய்யும் அணுக்கள் மட்டும் ஒரு திறவுகோற் புரதத்தையும் செய்யுமாறு எலிகளின் மரபணுவை அமைத்துக்கொள்கின்றனர். பின்பு, நோய் செய்யாத நச்சுயிரி ஒன்றினுள், ஒளிரும் புரதத்துக்கான மரபணுவைப் பூட்டி வைத்து, அதனைக் கொத்தினுள் செலுத்துகின்றனர். நச்சுயிரி எல்லா அணுக்களிலும் நுழையும். பூட்டோ திறவுகோல் உள்ள அணுவில் மட்டுமே திறக்கும். அவ்வணு தன் இழைநுனி வரை ஒளிரும். கடலில் வாழும் இழுதுமீனிடமிருந்து பெற்ற பச்சை ஒளிப்புரதம் இவ்வாறு மூளை ஆய்வுக்கு விளக்காயிற்று. இது போகும் வழி.

வரும் வழியைக் காண உதவியது வெறிநாய்க்கடி நச்சுயிரி. கொடிய நோயைத் தரும் அந்நச்சுயிரிக்கு ஓர் இயல்புண்டு: இழைநுனியிற் புகுந்து, செய்தி செல்லும் திசைக்கு எதிராக, ஓரணுவிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பும் அணுவுக்குப் பின்னோக்கித் தாவும். 2007-இல் கலிபோர்னியாவின் சால்க்கு நிறுவனத்தைச் சேர்ந்த விக்கர்சாம், கேலவே முதலியோர், தாவுதற்கு வேண்டிய புரதத்தை அதனிடமிருந்து நீக்கி, ஆய்வுக்குரிய அணுவில் மட்டும் அப்புரதம் கிடைக்கச் செய்தனர். அதனால் அது ஒரே ஒரு தாவல் தாவி நின்றுவிடும். நின்ற இடமெல்லாம் ஒளிரும். அங்ஙனம் ஒளிர்பவை அவ்வணுவோடு நேரே பேசுபவை.

ஒளிர்ந்தால் போதாது, மூளை முழுதும் தேடிக் காணவும் வேண்டும். சீனத்தின் ஊகான் நகர அறிஞர்கள், சுண்டெலியின் முழுமூளையை ஒரு மைக்குரோன், அஃதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு, தடிப்புள்ள சீவல்களாக எந்திரத்தால் சீவி, சீவும்போதே படமெடுக்கும் முறையை 2010-இல் வெளியிட்டனர். சுண்டெலி மூளையில் ஏறத்தாழ ஏழு கோடி நரம்பணுக்கள் உள்ளன என்பதை நினைத்தால் அப்பணியின் அளவு விளங்கும். அம்மரபில் வந்த கருவிகளால், சுண்டெலியின் கோலின்வினை நரம்பணுக்கள் அனைத்துக்கும் முழுமூளைப் படத்தொகுதி ஒன்றை அந்நகர ஆய்வாளர் 2018-இல் வெளியிட்டனர்.

வரைபடம் திருத்திய கருத்துகள்

பயன் என்ன விளைந்தது என்பதே தலையாய வினா. மூன்று திருத்தங்களை மட்டும் இங்குச் சொன்னால் போதும்.

முதலாவது: மூளையின் அடியில் வரித்திரள் என்னும் பகுதி ஒன்றுண்டு, வினைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் பழக்கங்கள் உருவாவதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அங்குள்ள அசிட்டைல்கோலின் முழுவதும் அங்கேயே வாழும் அணுக்கள் சுரப்பது என்றே நூல்கள் எழுதிவந்தன. 2014-இல் ஆக்சுபோர்டு, இலெசுட்டர் ஆகிய நகரங்களின் ஆய்வாளர், எலியின் மூளைத்தண்டுக் கொத்துகளிலிருந்தும் கோலின்வினை இழைகள் நேரே வரித்திரளை அடைகின்றன எனக் காட்டினர். உள்ளூர்க் கிணறு மட்டுமே உள்ளது என்றிருந்த ஊருக்கு, தொலைவிலுள்ள ஏரியிலிருந்தும் வாய்க்கால் வருவது தெரிந்தாற்போன்றது இது.

இரண்டாவது: இருகொத்துகளும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. 2021-இல் வெளிவந்த எலி ஆய்வொன்று, பின்தாவும் நச்சுயிரியைக் கொண்டு, இக்கொத்துகளுக்கு வரும் வழிகளை மூளை முழுவதிலும் எண்ணியது. காம்புப்பாலக் கொத்துக்கு, உடலியக்கத்தோடு தொடர்புடைய பகுதிகள் மிகுதியாக இழை அனுப்புகின்றன. பக்கமுதுகுக் கொத்துக்கு, விருப்பு, அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகள் மிகுதியாக அனுப்புகின்றன. இரண்டுக்கும் பொதுவாகப் பேரளவில் இழை அனுப்புவன இரண்டு: கண்ணையும் தலையையும் ஒரு பொருளின்பால் திருப்பும் மேற்குன்று என்னும் பகுதி ஒன்று, நடுமூளையிலுள்ள கருந்திட்டின் ஒரு பகுதி மற்றொன்று. போகும் வழியிலும் இவ்வேறுபாடு உண்டு. முன்னது நடுமூளையில் உடலியக்கத்துக்குரிய தோபமைன் அணுக்களின் பக்கமும், பின்னது விருப்புக்கும் ஊக்கத்துக்கும் உரிய தோபமைன் அணுக்களின் பக்கமும் மிகுதியாகச் சாய்கின்றன. இரண்டின் இழைகளும் புலன்செய்திகளின் அஞ்சல் நிலையமாகிய தாலமசை அடைகின்றன.

மூன்றாவது, வியப்புத் தருவது: நடையைத் தொடங்கிவைப்பவை கோலின்வினை அணுக்கள் அல்ல. சுண்டெலியில் ஒவ்வொரு வகை அணுவையும் ஒளியால் தனித்தனியே தூண்டிப் பார்த்தனர். அடுத்திருக்கும் ஆப்புவடிவக் கொத்தின் குளுட்டமேட்டு அணுக்கள் தப்பியோடும் விரைவோட்டத்தையும், அவற்றோடு காம்புப்பாலக் கொத்தின் குளுட்டமேட்டு அணுக்கள் மெல்லத் தேடிச்செல்லும் நடையையும் எழுப்புவதை, ஓலே கீன் குழுவினர் 2018-இல் வெளியிட்டனர். கோலின்வினை அணுக்களைத் தூண்டியபோதோ கனவுறக்கம் தோன்றும் தடவைகள் மிகுந்தன என்பதை 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. ஒரு வீட்டில் வாழ்வோர் எல்லாரும் ஒரே தொழில் செய்வோர் அல்லர் என்பது இதனால் விளங்கிற்று.

ஏரியும் மடையும்

இனி, வாயிற்படியில் நிற்கும் முதியவரிடம் திரும்புவோம்.

நடுக்க நோயால் மறைந்தவர்களின் மூளையில் காம்புப்பாலக் கொத்தின் கோலின்வினை அணுக்கள் பெருமளவு அழிந்திருப்பதைப் பாரிசு அறிஞர் 1987-இலேயே கண்டனர். 2009-இல், உயிருடனிருக்கும் நோயாளரின் மூளையைப் படமெடுத்து ஆய்ந்த அமெரிக்க மருத்துவர், அடிக்கடி விழுவோரிடத்தில் குறைந்திருப்பது தோபமைன் அன்று. தாலமசிலும் புறணியிலும் நிகழும் கோலின்வினையே என்று கண்டனர். தாலமசுக்கு அவ்வினையைத் தருவது பெரும்பாலும் இம்மூளைத்தண்டுக் கொத்துகளே. அறுந்த இழைகளுள் ஒன்று பிடிபட்டது.

மருத்துவரும் வாளாவிருக்கவில்லை. 2005-இல் பிரித்தானியாவின் பிரிசுட்டல் நகரிலும் இத்தாலியிலும் காம்புப்பாலக் கொத்தினுள் மின்முனையைப் பொருத்தித் தூண்டிப் பார்த்தனர். சிலர் விழுவது குறைந்தது. சிலர்க்குப் பயனொன்றும் விளையவில்லை. மின்னோட்டத்துக்குக் கோலின்வினை அணு எது, குளுட்டமேட்டு அணு எது என்று பிரித்தறியத் தெரியாது. மில்லிமீட்டர் அளவு முனை விலகினும், தூண்டப்படுவோர் வேறாவர். பயன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு இக்கலப்பும் ஒரு கரணியம் எனக் கருதப்படுகின்றது.

மருந்தின் வழியும் முயலப்பட்டது. அசிட்டைல்கோலின் சிதையாமற் காக்கும் இரிவாசுட்டிக்மின் என்னும் மருந்தை, 130 நோயாளர் பங்குகொண்ட ஆய்வில் 32 வாரம் கொடுத்துப் பார்த்த முடிவு 2016-இல் வெளிவந்தது. மருந்துண்டவர்களின் நடை, மருந்துண்ணாதவர்களின் நடையைவிடச் சீர்ப்பட்டது. ஆயின், குமட்டலும் வாந்தியும் அவர்களுள் மிகுதியாயின. ஏன்? அசிட்டைல்கோலின் மூளைத்தண்டின் தனிச்சொத்தன்று. நெஞ்சாங்குலையிலும் குடலிலும் தசையிலும் அது வினைசெய்கின்றது. ஒரு வயல் காய்கின்றது என்று ஏரிக்கரையை உடைத்துவிட்டால், அவ்வயலுக்கும் நீர் பாயும். அருகிலுள்ள களமும் வீடும் நனையும். எந்த மடையைத் திறந்தால் எந்த வாய்க்காலில் நீர் ஓடும் என்று அறிந்தவனே அளவாகப் பாய்ச்ச வல்லவன்.

இவ்வரைபடங்கள் அம்மடைகளை அறிவதற்காகவே. அறிஞர்கள் எலியின் மூளையைச் சீவிச்சீவி இழை தேடுவது வீண்வேலை என்று எண்ணுவார் உளராயின், அவர்கள் அந்த வாயிற்படியை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சிய பணி

மிகைப்படுத்திச் சொல்லுதல் அறிவியலுக்கு அழகன்று. இம்முழுமையான வரைபடங்கள் எலிக்கும் சுண்டெலிக்கும் உரியவை. நச்சுயிரி செலுத்தி மாந்த மூளையை ஆய்தல் இயலாது. ஆதலின், மாந்தர்க்கு உரிய படம் இன்னும் நிறைவுறவில்லை. மேலும், வரைபடம் வழியைக் காட்டும். வழியிற் செல்லும் செய்தியைக் காட்டாது. கண்ணைத் திருப்பும் மேற்குன்று இக்கொத்துகளுக்கு இழை அனுப்புகின்றது என்பது மெய். வெண்கட்டிக் கோட்டைக் கண்டதும் முதியவரின் கால் எழுவதற்கு அதுவே முழுக்கரணியம் என்று இன்றே முடிவுகட்டுவது பொருந்தாது. விழிப்புக்கும் கனவுக்கும் நடைக்கும் இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பங்களிக்கின்றன என்பதும் இன்னும் ஆயப்பட்டே வருகின்றது.

மாந்த மூளையை அணுவணுவாகப் படமெடுக்கும் பணி தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றது என்பது இங்குள்ள மாணவர் அறியத்தக்கது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு நடுவம், கருவிலிருந்த குழவிகளின் மூளைச் சீவல்கள் 5,132-ஐப் படமாக்கி, 2024-ஆம் ஆண்டு திசம்பரில் உலகோர் எல்லார்க்கும் பொதுவாக வெளியிட்டது. அவை அணுக்களின் அமைப்பைக் காட்டுவன. இழைகளின் வழியைக் காட்டுவன அல்ல. எனினும், வீடுகள் தெரிந்தபின்னரே தெருக்கள் தெரியும் என்பதை இவ்வரலாறே காட்டவில்லையா?

தவளையின் நெஞ்சாங்குலையை நனைத்த நீரில் தொடங்கிய தேடல், நூறாண்டு கடந்து, கட்டைவிரற் பருமனுள்ள தண்டினுள் ஒரு சிறு கொத்தின் ஒவ்வோர் இழையையும் பின்தொடர்ந்து கொண்டிருக்கின்றது. அணு சிறிது, அதன் இழை நெடிது. அதனை அறிவதற்கு ஓராண்டு போதாது. ஒருவர் வாழ்நாளும் போதாது. ஆயினும் இழை ஒன்று தெளியுந்தோறும், வாயிற்படியில் நின்றுவிட்ட கால் ஒன்று அடுத்த அடியை எடுத்துவைப்பதற்கான வழி சிறிது அணுக்கமாகின்றது.